மூக்கு மேடத்தின் குடுவைச் செடிகள்

சாத்தாங்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃப்ளோரன்ஸுக்கு வைத்திருந்த பெயர் மூக்கு மேடம். கேலிப் பெயர்தான். ஆனால் அவள் காதில் விழுந்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரியான கேலி.

சர்வேயர் வேலையில் அவளுக்குப் பத்தொன்பது வருஷ அனுபவம். ஏற்றுமதிச் சரக்கை ஏற்றுவதற்கு முன்னால் காலிப் பெட்டிக்குள் போவாள். கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்வாள். கும்மிருட்டில் ஐந்து நிமிஷம் அசையாமல் நின்று கூரையைப் பார்ப்பாள். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் புள்ளியாகத் தெரிந்துவிடும். வெளிச்சம் வருகிற வழியில் மழையும் வரும். அடுத்தது, தரைப் பலகையில் ஈரமானியைக் குத்திப் பார்ப்பது. கடைசியில் மூக்கு. பூஞ்சை வாடையை அவள் மாதிரி மோந்து சொல்ல அந்த யார்டில் ஆள் கிடையாது. "இந்தப் பெட்டி ஆகாது" என்று அவள் சொல்லிவிட்டால், ஏஜெண்டு எவ்வளவு குதித்தாலும் வேறு பெட்டிதான் வரவேண்டும்.

கப்பலில் இருபது நாள் போகிற பெட்டிக்குள் ஈரம் மாட்டிக்கொண்டால், வெளியே குளிர் பட்டதும் அது கூரையில் துளித்துளியாகக் கோத்துக்கொண்டு சரக்கின் தலையிலேயே சொட்டும். பெட்டி வேர்க்குது என்பார்கள். பெட்டி வேர்க்காமல் பார்த்துக்கொள்வதுதான் ஃப்ளோரன்ஸின் பிழைப்பு. ஈரம் உறிஞ்சும் பைகளை உள்ளே வரிசையாகத் தொங்கவிட்டு, கதவு ரப்பரைத் தடவிப் பார்த்து, கையெழுத்துப் போட்டு அனுப்புவாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் ஜோபின் இரண்டு செடிகளைக் கொண்டுவந்து கொடுத்தான்.

ஜோபின் அதே அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தவன், மார்த்தாண்டத்துக்காரன். மஸ்கட்டில் வேலை கிடைத்துக் கிளம்பிக்கொண்டிருந்தான். செடிகள் இரண்டும் பூச்சி தின்னும் ஜாதி. ஒவ்வோர் இலையின் நுனியும் கயிறாக நீண்டு, கயிற்றின் முனையில் மூடி போட்ட ஒரு சின்னக் குடுவை தொங்கியது. செம்பு நிறம், உள்ளே கொஞ்சம் தண்ணீர். ஒன்றில் ஏழு குடுவை, இன்னொன்றில் ஐந்து.

"அக்கா, இத நீங்க வச்சுக்கிடுங்க" என்றான். "வேற ஆருகிட்ட குடுத்தாலும் செத்துப்போவும். ஈரப்பதம்னா என்னன்னு தெரிஞ்ச ஆளு இந்த ஆபீஸ்ல நீங்க ஒருத்திதான்."

பாராட்டுக்கு மயங்காதவர் யார்? ஃப்ளோரன்ஸ் வாங்கிக்கொண்டாள். மழைத் தண்ணீர்தான் ஊற்றவேண்டும், உரம் கூடாது, குடுவைக்குள் கறித்துண்டு போட்டு விளையாடக்கூடாது, காற்றில் ஈரம் அறுபது எழுபது சதம் இருந்தால் போதும் என்று ஜோபின் சொல்லச் சொல்லத் தலையாட்டினாள். கடைசி விஷயத்தைக் கேட்டு மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். அவள் வீடு இராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால். கூப்பிடு தூரத்தில் கடல். உப்பு ஜாடியைக் கவிழ்த்தால் உப்பு விழாது, தீக்குச்சி மூன்று உரசலுக்குக் குறைந்து பற்றாது, இரும்பு அலமாரி வாங்கின வருஷமே துருப்பிடிக்கும். இந்த ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்?

வீட்டில் அவளும் கணவன் லியோனார்டும் மட்டும்தான். லியோனார்ட் கூட்ஸ் ரயில் ஓட்டுகிறவன், தண்டையார்பேட்டை யார்டில் டூட்டி. பெரும்பாலும் இரவில் வண்டி ஓட்டிவிட்டுக் காலையில் வந்து படுப்பான். படுக்கையறை ஜன்னல் கிழக்கே பெரிய ரோட்டைப் பார்த்தது. துறைமுகத்துக்குப் போகிற ட்ரெய்லர் வண்டிகள் பகலெல்லாம் அந்த ரோட்டில் உறுமிக்கொண்டு நிற்கும். சத்தத்துக்கும் புழுதிக்கும் பயந்து கண்ணாடி ஜன்னலை இறுக்கிச் சாத்தி, ஏசி போட்டுக்கொண்டு தூங்குவது லியோனார்டின் வழக்கம்.

செடிகளை முதலில் பால்கனியில் மாட்டினாள். பத்தே நாளில் இலைகளின் மேல் கறுப்பாகப் படிந்துவிட்டது. துடைத்த துணி அடுப்புத் துணி மாதிரி ஆனது. மத்தியான வெயில் பட்டு ஓர் இலை கருகவும் செய்தது. ஹாலுக்குக் கொண்டுபோகலாமென்றால், ஹால் ஜன்னலைத் திறந்தால் கை எட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், பகலிலேயே இருட்டு. மிச்சமிருந்தது படுக்கையறை ஜன்னல் ஒன்றுதான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கம்பி கட்டி மாட்டினாள். வெளிச்சத்துக்காகத் திரையை விலக்கினாள்.

லியோனார்ட் கண்ணில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு தூங்க வேண்டியதாயிற்று.

"செடிக்கு வெளிச்சம் வேணுமாம், எனுக்கு இருட்டு வேணும். ரெண்டு பேருக்கும் ஒரே ரூமு" என்றான் படுக்கையிலிருந்தபடியே. "எவன் இந்த டூட்டி சார்ட்டு போட்டது?"

"நாந்தான் போட்டேன். தூங்கு."

மூன்றாவது வாரம் குடுவைகள் வாய்ப் பக்கமிருந்து காய ஆரம்பித்தன. ஒரு மாதத்தில் பன்னிரண்டும் காய்ந்து, பழைய பீடித்துண்டு மாதிரித் தொங்கின. புது இலைகள் வந்தன, ஆனால் கயிற்றின் முனை ஊதாமல் கறுத்துப்போனது. யார்டிலிருந்து ஈரப்பத மீட்டரைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். பால்கனியில் எழுபத்தொன்பது. படுக்கையறையில் முப்பத்தொன்பது. மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். யார்டுக்கு எடுத்துப்போய் வேறு இரண்டு மீட்டரோடு ஒப்பிட்டாள். மூன்றும் ஒரே கணக்கு சொன்னபிறகுதான் விஷயம் உறைத்தது. ஏசி என்பது குளிர வைக்கிற மெஷின் மட்டுமில்லை, அறையில் இருக்கிற ஈரத்தைப் பிடித்து வெளியே சொட்டவிடுகிற மெஷினும்தான். பெட்டிக்குள் பை தொங்கவிட்டு அவள் செய்கிற வேலையை இங்கே சுவரில் மாட்டின ஏசி செய்துகொண்டிருந்தது. அவளைவிடச் சுத்தமாகச் செய்தது.

ஆக, ஈரத்தைக் காற்றில் ஏற்றுகிற மெஷின் வாங்கவேண்டும். மண்ணடியில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்த உபைதுல்லாவிடம் போனாள். அறுபது வயசுக்காரர், எந்தச் சாமானையும் அவசரமில்லாமல் விற்பவர்.

"ஹியூமிடிஃபையரா?" என்று கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "முப்பத்தஞ்சு வருஷமா கடை வச்சிருக்கேம்மா. ஈரம் போகறதுக்கு மெஷின் கேட்டு ஆயிரம் பேர் வந்துட்டாங்க. மெட்ராஸ்ல ஈரம் வேணும்னு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான். கொழந்தைக்குச் சளியா?"

"செடிக்கு."

உபைதுல்லா கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். மூன்று தினுசு எடுத்து வைத்தார். ஒன்று, தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவி விடுவது. ஏசி போட்ட அறையில் அடுப்பு வைப்பதா என்று ஃப்ளோரன்ஸ் அதை ஒதுக்கினாள். இரண்டாவது, ஈரத் திரியின் வழியே காற்றை ஊதுவது. அவருக்கே பிடித்தது அதுதான், ஆனால் திரி தேய்ந்தால் மாற்றுத் திரி கிடைக்காது என்று அவரே சொல்லிவிட்டார். மூன்றாவது, தண்ணீரை அதிரவைத்துப் பனிமூட்டம் மாதிரிப் புகையாக விடுவது. அதில் சின்னதாக முட்டை வடிவில் ஒன்று, நாலு லிட்டர் தொட்டியோடு பெரியதாக ஒன்று.

இரண்டு செடிக்கு எதற்குப் பெரிசு என்று முட்டையை வாங்கிக்கொண்டு வந்தாள். அதில் ஏழு நிறத்தில் விளக்கு எரிந்தது. ஒரு முழம் உயரத்துக்குப் புகை விட்டது. இரண்டு நாள் ஓடியும் மேஜை நனைந்ததே தவிர, மீட்டர் முப்பத்தொன்பதிலிருந்து நாற்பத்தொன்றுக்குத்தான் ஏறியது.

"நல்லா கீது" என்றான் லியோனார்ட். "மாதா சொரூபத்துக்கு முன்னாடி வச்சா சாம்பிராணி மிச்சம்."

மறுவாரம் போய்ப் பெரிய மெஷினை வாங்கி வந்தாள். இந்தத் தடவை சர்வேயர் மாதிரியே வாங்கினாள். தொட்டியின் வாய்க்குள் கை போகிறதா, அடி வரைக்கும் தேய்த்துக் கழுவ முடிகிறதா, தண்ணீர் தீர்ந்தால் தானாக நிற்கிறதா என்று பார்த்தாள். மூடியைத் திறந்து மோந்தும் பார்த்தாள். உபைதுல்லா தன் கடையில் யாரும் சாமானை மோந்து பார்த்து வாங்கியதில்லை என்று சொல்லிச் சிரித்தார்.

பெரிய மெஷின் வேலை செய்தது. ஒரு மணி நேரத்தில் மீட்டர் அறுபதைத் தாண்டியது. ஃப்ளோரன்ஸுக்கு அன்று ரொம்பச் சந்தோஷம்.

நாலாவது நாள் லியோனார்ட் எழுந்து கண்பட்டியைக் கழற்றியபோது, கறுப்பு அலமாரி வெள்ளையாக இருந்தது. மேஜை, டிவி, திருஇருதய ஆண்டவர் படம், ஹேங்கரில் மாட்டியிருந்த அவன் யூனிஃபார்ம், எல்லாவற்றின் மேலும் மாவு தூவின மாதிரி வெள்ளைத் தூள். விரலால் தொட்டுப் பார்த்தான்.

"எண்ணூர் பவர் ஹவுஸ்லர்ந்து சாம்பல் இங்க வரிக்கும் வந்துட்ச்சா?" என்றான். உடனே கடைக்குப் போய் அகலமான டேப் வாங்கி வந்து, ஜன்னல் விளிம்பு நாலு பக்கமும் ஒட்டினான். தும்மிக்கொண்டே ஒட்டினான். சாயங்காலம் வேலையிலிருந்து வந்த ஃப்ளோரன்ஸ் டேப்பையும் தூளையும் பார்த்துவிட்டு, நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்தாள். உப்பு.

அவள் ஊற்றியது போர் தண்ணீர். அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் மெஷின் புகையோடு சேர்த்து அனுப்பிவிடும். தண்ணீர் காற்றோடு போய்விடும், உப்பும் சுண்ணாம்பும் அலமாரி மேல் உட்காரும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் போர் தண்ணீருக்குத் தொள்ளாயிரத்து நாற்பது காட்டியது. குடிக்க வாங்குகிற கேன் தண்ணீருக்குத் தொண்ணூறு. சுத்தமான தண்ணீருக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஏசியின் குழாய் பால்கனி ஓரத்தில் சொட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு டம்ளரில் பிடித்து மீட்டரை வைத்தாள். பதினொன்று.

அன்றிலிருந்து குழாய்க்கு அடியில் வாளி வைத்தாள். ஏசி அறையின் ஈரத்தை உறிஞ்சி வாளியில் விடும், அவள் வாளியிலிருந்து மெஷினில் ஊற்றுவாள், மெஷின் அதை அறையில் விடும், ஏசி மறுபடி உறிஞ்சும். மெஷின் ஓட ஓட வாளி சீக்கிரமாக நிறைந்தது.

லியோனார்ட் இதை மூன்று நாள் கவனித்துவிட்டுச் சொன்னான்: "ஒரு இன்ஜின முன்னாடி மாட்டி ஒன்னுத்த பின்னாடி மாட்டி ரெண்டுத்தயும் எதிரெதிரா இழுக்கவுட்டா மாரி கீது."

"செடி நல்லாருக்குதுல்ல?"

"இன்னும் குடுவைய காணோமே."

வாளி வைத்த நாலாம் நாள் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு மலர்க்கொடி. வியாசர்பாடியிலிருந்து குடிவந்து இரண்டு வருஷமாகிறது. அந்த இரண்டு வருஷமும், உங்கள் ஏசித் தண்ணீர் எங்கள் ஜன்னல் மேல் சொட்டுகிறது என்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து சண்டை போட்டவள். ஃப்ளோரன்ஸ் சிரித்த முகமாகக் கதவைத் திறந்தாள்.

"வா மலரு. வாளி வச்சிட்டேன். இனிமே ஒரு சொட்டு வராது."

"அத்த கேக்கத்தான் வந்தேன்" என்றாள் மலர்க்கொடி இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "யார கேட்டு நிறுத்துன?"

"நீதானே நிறுத்து நிறுத்துன்னு பேஜாரு பண்ணிகினு இருந்த?"

"அப்ப பண்ணேன். நீ நிறுத்தல. சரின்னு நா அதுக்கு கீய ஒரு டிரம் வச்சிட்டேன். துணி அலச, வூடு தொடைக்க அந்தத் தண்ணிதான். கொழாயில வர்ற தண்ணில சோப்பு நொரையே வரமாட்டுது. இப்ப திடீர்னு நிறுத்திட்டா நா எங்க போவேன்?"

பேசி முடித்து, வாளி நிறைந்து வழிவது மலர்க்கொடிக்கு என்று ஒப்பந்தமானது. சொட்டினால் புகார், சொட்டாவிட்டாலும் புகார் என்று ஃப்ளோரன்ஸ் அன்றைக்குச் சமையலறையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷச் சண்டை தீர்ந்ததே என்றும் ஒரு நிம்மதி.

ஆனால் அவள் ஒன்றைக் கவனிக்கவில்லை. லியோனார்ட் டூட்டிக்குப் போனபின் ஏசி நின்றுவிடும். மெஷின் நிற்காது. செடிக்கு நல்லது என்று அவள் அதை ஓடவிட்டிருந்தாள். ஜன்னலில் டேப் ஒட்டியாயிற்று, கதவு சாத்தியாயிற்று, நாலு லிட்டர் தண்ணீர் போக வழியில்லாமல் அந்த அறைக்குள்ளேயே சுற்றும். தினமும் அதே அறையில் இருந்து பழகிய மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை.

இப்படி இரண்டு மாதம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை யார்டில் காப்பிக் கொட்டை ஏற்ற ஐந்து பெட்டிகள் வந்து நின்றன. காப்பிக் கொட்டை பக்கத்தில் என்ன வாடை இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். அதனால் அதற்கு மூக்கு மேடத்தைத்தான் கூப்பிடுவார்கள். ஏற்றுமதி ஏஜெண்டு ஜாபர் கையில் காகிதக்கட்டோடு காத்திருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குள் பெட்டிகள் துறைமுகத்துக்குள் போகவேண்டும்.

ஃப்ளோரன்ஸ் புழுதிக்காக மூக்கை மூடிக் கட்டியிருந்த ஸ்கார்ஃபைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு முதல் பெட்டிக்குள் போனாள். கதவு சாத்தப்பட்டது. ஓட்டை இல்லை. ஈரமானி சரியாகக் காட்டியது. ஆனால் இழுத்து மூச்சு விட்டதும் பூஞ்சை வாடை. ஆகாது என்று எழுதினாள். இரண்டாவது பெட்டி, அதே வாடை. மூன்றாவதிலும் அதே. காலையிலிருந்து மூன்று பெட்டி தள்ளுபடி ஆகிவிட்டது. ஜாபர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மேடம், மூணும் வேற வேற கம்பெனி பெட்டி. ஒன்னு போன வாரம் பெயிண்டு அடிச்சது. எப்டி மேடம் மூணுலயும் ஒரே வாடை?"

"அத்த பெட்டிய கேளுங்க. என் மூக்கு பொய் சொல்லாது."

நாலாவது பெட்டிக்கு முன்னால் ஜாபர் அவளை நிறுத்தினார்.

"மேடம், தப்பா நெனக்காதீங்க. இந்த தபா நா மொதல்ல உள்ள போறேன்."

போனார். கதவு சாத்தி ஐந்து நிமிஷம் கழித்து வெளியே வந்தார். "பெயிண்டு வாடைகூட இல்ல. இப்ப... அந்த ஸ்கார்ஃப கொஞ்சம் கழட்டிக் குடுங்க."

ஃப்ளோரன்ஸுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. கழற்றிக் கொடுத்தாள். ஜாபர் அதை விரல் நுனியில் பிடித்துப் பெட்டிக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தச் சொன்னார். அதை உள்ளேயே விட்டுத் திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஃப்ளோரன்ஸ் உள்ளே போய் ஒரே மூச்சு இழுத்தாள். அதே பூஞ்சை வாடை.

வெளிக்காற்றில் தெரியாத துணி வாடையை மூடின பெட்டியின் புழுக்கம் கிளப்பிவிட்டிருக்கிறது. அவள் முகம் சூடாகிவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ பேர் அவளைத் திட்டியிருக்கிறார்கள், கெஞ்சியிருக்கிறார்கள், மேலிடத்தில் புகார் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரும் அவள் தப்பு என்று காட்டினதில்லை. இந்த மனுஷன் காட்டியும், சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஸ்கார்ஃபை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, முகம் கழுவிக்கொண்டு வந்து ஐந்து பெட்டிகளையும் முதலிலிருந்து பார்த்தாள். ஐந்தும் சுத்தம். மூன்று மறுப்புக் காகிதத்தையும் ரத்துசெய்து, கீழே தன் கையெழுத்திலேயே எழுதினாள்: "முதலில் வந்த வாடை சர்வேயரின் கழுத்துத் துணியிலிருந்து வந்தது. பெட்டிகளில் குறை இல்லை."

மேனேஜர் பரசுராமன் அதைப் படித்துவிட்டு, "இப்படியெல்லாம் எழுதணுமா ஃப்ளோரன்ஸ்? மறுபரிசோதனைன்னு போட்டா போதாதா?" என்றார்.

"அடுத்தவங்க பெட்டின்னா எல்லாத்தயும் எழுதறோம் சார். என் துணின்னா மட்டும் வேணாமா?"

பெட்டிகள் நாலரை மணிக்கு யார்டை விட்டுப் போயின. மறுநாள் காலையில் கேட் வாசலில் யாரோ அவளை ஸ்கார்ஃப் மேடம் என்று சொன்னது காதில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காலிப் பெட்டியைப் பார்க்கிற மாதிரி அறையைப் பார்த்தாள். லியோனார்டைக் கூப்பிட்டு அலமாரியை நகர்த்தச் சொன்னாள். பின்னால் சுவர் முழுக்க, தரையிலிருந்து இடுப்பு உயரம் வரைக்கும் கறுப்புப் பூஞ்சை. அலமாரிக்குள் அவள் ஸ்கார்ஃப்கள், துப்பட்டாக்கள். கீழ்த்தட்டில் லியோனார்டின் ஞாயிற்றுக்கிழமை ஷூ பச்சையாக மயிர் முளைத்துக் கிடந்தது.

"ஃபெயிலு" என்றாள் ஃப்ளோரன்ஸ். "நா பாத்ததுலயே ரொம்ப கலீஜான பெட்டி இதான்."

"உனுக்கு தெரிலயா? உன் மூக்கு..."

"உன் மூக்குக்கு தெரிஞ்சுதா?"

லியோனார்ட் ஷூவைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனான்.

சுவரைச் சுரண்டி, காயவிட்டு, பெயிண்டு அடிக்க வேண்டியிருந்தது. ஜன்னல் டேப்பைப் பிய்த்தார்கள். மெஷினை அணைத்து மூலையில் வைத்தார்கள். இரண்டு செடிகளையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் ஹாலில் ஃபிரிட்ஜ் தலையில் தூக்கி வைத்தாள். ஹால் இருட்டு என்பதால் ஃபிரிட்ஜுக்கு மேலே ஒரு டியூப் லைட் காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கிற வரைக்கும் எரியும். செடியின் தலைக்கும் லைட்டுக்கும் ஒரு ஜான் இடைவெளிகூட இல்லை. சாகிறதென்றால் அங்கேயே சாகட்டும் என்று விட்டாள். மண் காய்ந்தால் வாளித் தண்ணீரில் ஒரு டம்ளர் ஊற்றுவாள், அவ்வளவுதான். மனம் விட்டுப்போயிருந்தது.

பெயிண்டு காய்ந்தது. செடிகளைத் திரும்ப ஜன்னலுக்கு மாற்றவேண்டும் என்று நினைப்பாள், நாள் தள்ளிப்போகும். இரண்டரை மாதம் கழித்து ஒரு காலையில் பால் பாக்கெட் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தபோது என்னவோ தலைமுடியில் இடித்தது. நிமிர்ந்து பார்த்தாள். குடுவை. பெருவிரல் அளவு, மூடி திறந்து, உள்ளே துளித் தண்ணீரோடு தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னும் மூன்று. எண்ணிப் பார்த்ததில் இரண்டு செடியிலும் சேர்த்து ஆறு.

ஈரப்பத மீட்டரைத் தேடி எடுத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். எழுபத்து நாலு. மெஷின் இல்லை, புகை இல்லை, ஒன்றுமில்லை. ஏசி இல்லாத ஹாலில் மெட்ராஸ் காற்றே போதுமானதாக இருந்திருக்கிறது. அந்த ஹாலில் குறைந்தது வெளிச்சம் மட்டும்தான். அதற்கு ஒரு டியூப் லைட் போதும். இதை ஆறேழு மாதத்துக்கு முன்னால் யோசித்திருந்தால்... அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாலைக் காய்ச்ச மறந்துபோய் அந்தக் குடுவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

ஜோபினுக்குப் போட்டோ அனுப்பினாள். உடனே கூப்பிட்டான்.

"நல்லா வச்சிருக்கீங்களே அக்கா! நானும் ரூம்ல டியூப் லைட்டுக்குக் கீழதான் வச்சிருந்தேன். உங்ககிட்ட சொல்லலியோ?"

"சொல்லல ஜோபின்" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பெரிய மெஷினைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக் கட்டினாள். உபைதுல்லா பழைய சாமானாக எடுத்துக்கொள்வாரா கேட்கலாம் என்று எண்ணம். லியோனார்ட் வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"அத்த எட்த்துகினு எங்க போற?"

"செடிக்குத்தான் வேணாமே."

"செடிக்கு வேணாம்னா? வூட்ல செடி மட்டுந்தான் கீதா?"

ஃப்ளோரன்ஸ் பெட்டியைக் கீழே வைத்தாள். லியோனார்ட் விஷயத்தைச் சொன்னான். பல வருஷமாக ஏசியில் தூங்கி எழுந்தால் அவன் மூக்கு உள்ளே காய்ந்து வெடித்திருக்கும். சிந்தினால் ரத்தம் வரும். தொண்டை கட்டிக்கொள்ளும். பெரிய மெஷின் ஓடின மாதங்களில், அந்த வெள்ளைத் தூள் வந்த நாலு நாளைத் தவிர, ஒரு தடவைகூட ரத்தம் வரவில்லை. இப்போது அதை நிறுத்தினபிறகு மறுபடி வருகிறது.

"இத்தினி வருசம் என்கிட்ட சொல்லவேயில்லியே?"

"நீ மூக்கு மேடம். பெட்டி பெட்டியா மோந்து பாத்துட்டு வர்ற. உன்கிட்ட வந்து என் மூக்கு கதைய சொல்லச் சொல்றியா?"

அவளுக்குச் சண்டை போடத் தோன்றவில்லை. மறுநாளே அவனைக் காது மூக்கு டாக்டரிடம் கூட்டிப்போனாள். வேறு கோளாறு இல்லை, வறண்ட காற்றுதான் என்றார் டாக்டர்.

மெஷின் படுக்கையறைக்குத் திரும்பியது. இந்தத் தடவை ஃப்ளோரன்ஸ் ஒரு காகிதத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினாள்: ஈரம் ஐம்பதுக்கு மேல் ஏறக்கூடாது. ஏசி நின்றால் மெஷினும் நிற்கவேண்டும். ஏசித் தண்ணீர் தவிர வேறு தண்ணீர் ஊற்றக்கூடாது. தண்ணீரைத் தினமும் மாற்றவேண்டும். ஞாயிறு தோறும் தொட்டியை வினிகர் ஊற்றிக் கழுவவேண்டும், கழுவுவது லியோனார்ட். மாதத்துக்கு ஒரு முறை அலமாரியை நகர்த்திப் பின்பக்கம் பார்க்கவேண்டும், பார்ப்பது ஃப்ளோரன்ஸ். லியோனார்ட் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, ரயில்வேயில்கூட இவ்வளவு விதி கிடையாது என்றான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் பழைய டூத் பிரஷ்ஷும் கையுமாகத் தொட்டியோடு உட்கார்ந்துவிடுவான்.

செடிகள் டியூப் லைட்டைத் தொடும் அளவுக்கு வளர்ந்ததால் ஒன்றின் தலையை வெட்டித் தனித் தொட்டியில் நட்டாள். வேர் பிடித்ததும் அதை மலர்க்கொடி கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். சமையலறையில் கரப்பான் தொல்லை தாங்கவில்லை, இதைக் குழாய்மேடை ஜன்னலில் வைத்தால் எல்லாவற்றையும் தின்றுவிடும் என்று அவளுக்கு நம்பிக்கை. பெரிய கரப்பான் இந்தச் சின்னக் குடுவைக்குள் நுழையாது என்று ஃப்ளோரன்ஸ் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

ஐந்து மாதம் கழித்து மலர்க்கொடி மாடியேறி வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே புகார் என்று தெரிந்தது.

"எக்கா, உன் செடி சரியில்ல."

"இன்னா, செத்துட்ச்சா?"

"சாவறதா? காடு மாரி வளந்து கீது. பதினோரு குடுவை வுட்டுகினு கீது. ஆனா ஒரே ஒரு கரப்பான கூட புடிக்கல. தண்ணிய குடிச்சிட்டு சும்மா குந்திகினு கீது."

ஃப்ளோரன்ஸ் அவளோடு கீழே இறங்கிப் போய்ப் பார்த்தாள். உண்மைதான். பதினோரு குடுவை, ஒவ்வொன்றும் அவளுடையதைவிடப் பெரிசு. மலர்க்கொடி டிரம் தண்ணீரைத்தான் ஊற்றியிருந்தாள். ஒரு குடுவைக்குள் எட்டிப் பார்த்தால் நாலைந்து எறும்பு மிதந்தது. பக்கத்தில் குழாய்மேடையில் ஒரு கரப்பான் மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது.

"இன்னும் கொஞ்ச நாள் பாரு மலரு" என்றாள் ஃப்ளோரன்ஸ். பேசிக்கொண்டே செருப்பைக் கழற்றி அந்தக் கரப்பானை ஓங்கி ஒரு அடி அடித்தாள்.